காட்டாமல் விட்ட நூற்று நாற்பத்திரண்டு பேர்

ஞானச்சிகரம் பொறியியல் கல்லூரி திருச்சி ரோட்டில், சிங்காநல்லூரைத் தாண்டி பல்லடம் போகிற வழியில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கல்லூரி அல்ல, அதன் தாளாளர் பாலுசாமி. நாற்பதடி உயரத்தில் கைகூப்பி நின்றிருப்பார். கல்லூரி அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இருக்கும்.

அந்தக் கல்லூரியின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவள் மெர்சி. வீடு கணபதியில். அப்பா ஜெரோம் ஒரு பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அவர் அப்பா காலம் வரைக்கும் அவர்கள் குடும்பம் அடுத்தவர் தோட்டத்தில்தான் வேலை செய்தது. மெர்சிக்குக் கிடைத்திருந்த இடத்துக்கு ‘டிஜிட்டல் உன்னத மையம்’ என்று பெயர். பெண்கள் பிளாக் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மெர்சி. மையம் அவ்வளவுதான்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. கல்லூரியில் ஏழு இடத்தில் ஏழு விதமாக இருந்த மாணவர் பட்டியலை ஒரே பட்டியலாக்கி, ஒரே டெம்ப்ளேட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள். வலைத்தளம், வரவேற்பறை டிவி, நோட்டீஸ் பலகைக்கு எடுக்கும் பிரிண்ட், எல்லாம் அங்கிருந்துதான் போகும். ஆபீஸிலிருந்து பெயர்கள் முழுசாக வந்து சேரும். அதில் யாரைக் காட்டுவது, யாரை விடுவது என்பதை டெம்ப்ளேட்டில் இருக்கிற ஒரே ஒரு வரி முடிவு செய்யும். அந்த ஃபில்டர் வரியை அவள் நல்ல காரியத்துக்குத்தான் எழுதினாள். பாதியில் படிப்பை விட்டுப் போனவர்களின் பெயர்கள் வருஷக்கணக்கில் பட்டியலில் கிடந்து குழப்பிக்கொண்டிருந்தன. அவை கண்ணில் படாமல் போயின, பக்கம் சுத்தமாயிற்று.

ஆடி மாசம் தரமதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. மறுநாள் காலை டீன் வெள்ளியங்கிரி படிக்குக் கீழே குனிந்து மெர்சியின் அறைக்குள் வந்தார். அவர் ‘வேலைவாய்ப்பு, வெற்றி மற்றும் விழுமியங்கள்’ துறைக்கு டீன். 

“ஏம்மா, நின்னு போனவங்க பேரெல்லாம் காட்டாம வெச்சிருக்கறயே, அது எப்படி?”

“ஒரு ஃபில்டர் போட்டிருக்கறேன் சார்.”

“வேலை கெடைக்காதவங்களையும் அதுல சேத்திரு.”

மெர்சிக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது. “அவங்க நின்னு போகலீங்களே சார். படிச்சு முடிச்சவங்க.”

“நான் எடுக்கச் சொன்னனா? எடுத்தா அது பொய். நம்ம காலேஜ்ல பொய்க்கு எடமே கெடையாது. காட்டாம வுடுன்னுதான் சொல்றேன். நம்ம குறைய நாமளே தம்பட்டம் அடிக்காம இருக்கறதுக்குப் பேரு அடக்கம்மா. பக்கத்துலயே உக்காந்திருக்கறேன், போடு.”

போட்டாள். அந்த வருஷம் இறுதியாண்டு முடித்தவர்கள் முந்நூற்றிருபது பேர். ஒரு வரி மாறியதும் திரையில் நூற்றெழுபத்தெட்டுப் பேர் மிஞ்சினார்கள். பக்கத்தின் தலையில் ஒரு கணக்குப் பெட்டி உண்டு. காட்டுகிற பெயர்களை எண்ணிச் சதவீதம் போட மெர்சிதான் அதைப் பழக்கியிருந்தாள். அது கடமை தவறாமல் எண்ணியது. மாணவர்கள் 178, வேலை பெற்றவர்கள் 178, நூறு சதவீதம்.

டீன் எழுந்து நின்றுவிட்டார். கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல நின்றார்.

“பாத்தியா, நான் சொல்லல. கம்ப்யூட்டர் சொல்லுது.”

அவர் போன பிறகு மெர்சி கொண்டுவந்திருந்த சோற்றைத் திறந்தாள். திரிந்த பாலைக் குடித்தது மாதிரி வாய் இருந்தது. மூடி வைத்துவிட்டாள்.

குழு வந்தது. மூன்று பேர். வரவேற்பறை டிவியில் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கம்பெனியின் பெயரைப் பார்த்தார்கள். மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்று ஒருவர் கேட்டார். “திரையில இருக்கற அத்தனை பேரும் படிச்சாங்க சார்” என்றார் வெள்ளியங்கிரி. அதில் பொய் ஒன்றும் இல்லை. குழு அதைக் குறித்துக்கொண்டு சாப்பிடப் போயிற்று. கல்லூரிக்கு இருப்பதிலேயே உயர்ந்த தரம் கிடைத்தது.

தாளாளர் பாலுசாமி கூட்டம் போட்டார். மெர்சியையும் கூப்பிட்டு ஓரத்தில் உட்காரவைத்தார்கள்.

“இருவது வருசமா காலேஜை ஒசத்தறதுக்கு என்னென்னமோ செஞ்சு பாத்தனுங்க” என்றார் பாலுசாமி. “கட்டடம் கட்டினேன். லேப் வெச்சேன். வாத்தியார்களை மாத்திப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. இந்தப் புள்ள ஒரு வரி எழுதுச்சு, ஒரே நாள்ல நூறு. அப்ப இத்தனை நாளும் நாம தப்பான எடத்துல வேலை செஞ்சிருக்கறோம். இந்த வரிய இன்னும் எங்கெங்க போடலாம்னு துறைவாரியா எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார்கள். முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர்களைக் காட்ட வேண்டாம் என்று முடிவாயிற்று. சிவில் துறைப் பக்கத்தில் ஒருவர்தான் தேறினார். அவர் போன வருஷ மழையில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனவர். பட்டம் மட்டும் பட்டியலில் இருந்தது. மெர்சி போய்ச் சொன்னாள். “இருக்கட்டும்மா, நல்ல மனுசன்” என்றார் டீன்.

அடுத்து கட்டட வசதிகள். ரிப்பேரில் இருக்கிற எதையும் காட்ட வேண்டாம் என்றார்கள். பெண்கள் பிளாக் இரண்டாவது மாடியில் ஆறு கக்கூஸ். அதில் ஐந்து அடைத்துக்கொண்டு கிடந்தன. ஐந்தும் பக்கத்திலிருந்து போயின. துப்புரவு வேலைக்குக் காலையில் கொடுக்கிற சீட்டும் அந்தப் பக்கத்தின் பிரிண்ட்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான்காம் நாள் துப்புரவுப் பணியாளர் பங்காரம்மா மெர்சியைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்க அம்மணி, மேல அந்த அஞ்சு கக்கூசும் சீட்டுல வரமாட்டீங்குது. சீட்டுல இல்லாத எடத்துக்குப் போகப்படாதுங்கறாரு சூப்பர்வைசர். பிளம்பரும் அதையேதான் சொல்றாரு. புள்ளைக அங்கதானுங்க போகுதுக, வேற எங்க போகும்? கண்கொண்டு பாக்க முடியலீங்க.”

மெர்சி மேலே போய்ப் பார்த்தாள். கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அன்று மத்தியானம் தண்ணீர் படி வழியாகக் கீழே இறங்கி டிஜிட்டல் உன்னத மையத்துக்குள் வந்தது. அதைத் தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்காக. வெள்ளியங்கிரி பேண்ட்டை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“என்னம்மா நாத்தம் இது?”

“ரெண்டாவது மாடி கக்கூசு சார். அஞ்சு ரிப்பேர்.”

அவர் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி மறு கையால் போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ரெண்டாவது மாடில ரிப்பேரான கக்கூசே இல்லையேம்மா” என்றார்.

மெர்சி அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தடவை குளித்தாள். வேலையை விட்டுவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னாள். ஜெரோம் கேட்டுவிட்டு, “வுட்டுப்போட்டு வர்றதுன்னா வா கண்ணு. ஆனா நீ போட்டதை நீயே எடுத்துப்போட்டு வா” என்றார். மறுநாள் காலை யாரையும் கேட்காமல் அந்த ஐந்தையும் சீட்டில் வரவைத்தாள். மாணவர் பட்டியலில் கைவைக்கத் தைரியம் வரவில்லை.

தை மாசம் பட்டமளிப்பு விழா அறிவித்தார்கள். ஒரு நாள் ஒரு பெண் அறை வாசலில் வந்து நின்றாள். கயல்விழி. எலக்ட்ரிகல் முடித்தவள். பல்லடத்தில் அப்பா ராசப்பனும் அம்மா பூவாத்தாளும் விசைத்தறி ஓட்டுகிறார்கள். அரியர் ஒன்றுகூட வைக்காமல் முடித்திருந்தாள்.

“மேடம், கவுன் குடுக்கற லிஸ்ட்ல என் பேரு இல்லீங்க. எங்க கிளாஸ்ல இருவத்தி ரெண்டு பேருக்கு இல்லீங்க. ஆபீஸ்ல கேட்டா, லிஸ்ட் உங்ககிட்டிருந்துதான் வருதுன்னாங்க.”

மெர்சி டீனிடம் போனாள். கவுன், நாற்காலி, மேடையில் ஓடுகிற திரை எல்லாமே அந்த ஒரே பட்டியலிலிருந்து போவதையும், அதனால் நூற்று நாற்பத்திரண்டு பேருக்குப் பட்டமளிப்பே இல்லாமல் போவதையும் எடுத்துச் சொன்னாள். அன்று ஒரு நாள் மட்டும் ஃபில்டரை எடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

“தலைமை விருந்தாளி யாருன்னு தெரியுமா உனக்கு? நாலு மில்லு வெச்சிருக்கறவரு. அவரு வாயால நூறு சதவீதம்னு சொல்ல வெக்கப் போறோம். அப்பப் பின்னாடி திரையில வேற ஓடினா அவரை அவமானப்படுத்தினாப்பல ஆகாதா?”

“அந்தப் புள்ளைங்களுக்கு அவமானம் இல்லீங்களா சார்?”

“எந்தப் புள்ளைங்க?” என்று கேட்டார் டீன். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அந்த நேரத்தில் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. 

விழா நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. வீட்டில் என்னவென்று சொல்வது என்று தெரியாமல் அந்த நூற்று நாற்பத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோரோடு வந்திருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் பெயர் வந்துவிடும் என்ற நினைப்பு. கவுன் இல்லாததால் பின்வரிசைகளில் உட்காரவைக்கப்பட்டார்கள். மெர்சி பக்கவாட்டில் ஒரு மேஜையில் திரையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பாலுசாமி பேசினார். “பெத்தவங்களே, உங்க செல்வங்களை எங்ககிட்ட ஒப்படைச்சீங்க. இந்தத் திரையில வர்ற ஒவ்வொரு பேரும் ஒரு வேலை. பேரு இருந்தா வேலை இருக்கு. ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம்னு சொல்றாங்க. எங்க கல்லூரிக்குள்ள வந்து தேடிப் பாருங்க, கண்ணுக்கே தெரியாது. அது தெரியாம பாத்துக்கறதுக்குன்னே நாங்க ஒரு மையம் வெச்சிருக்கறோம்.”

கைதட்டினார்கள். தலைமை விருந்தாளிக்கு எண்பது வயது, காது மந்தம். மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்து அவரும் தட்டினார்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. திரையில் பெயரும் அதற்கு எதிரே கம்பெனியும் வரும். அறிவிப்பாளர் கணீரென்ற குரலில் இரண்டையும் படிப்பார். பிள்ளைகள் மேடையேறி, பட்டச் சான்றிதழ் வைத்த அட்டைக் கோப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். நூற்றெழுபத்தெட்டும் முடிந்தது. வெள்ளியங்கிரி நன்றியுரைக்கு எழுந்தார். மைக்கில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மாள் பின்வரிசையிலிருந்து எழுந்து மெர்சியின் மேஜையை நோக்கி நடந்து வந்தாள். 

“ஏனுங்க அம்மணி, நீங்கதானுங்களே இந்தப் பேரெல்லாம் வுடறது? நான் கயல்விழியோட அம்மாங்க. பூவாத்தா. எம்பட புள்ள பேரு வரலீங்களே. முடிஞ்சுபோச்சுங்களா?”

மெர்சி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் ஒன்றும் இல்லை. தறியில் ஒரு இழை விட்டுப்போனால் நிறுத்திப் பார்க்கிற ஆள், இங்கேயும் வந்து பார்க்கிறாள். அவ்வளவுதான்.

“முடியலீங்க” என்றாள் மெர்சி.

அந்த வரியைத் திறந்து, வேலை கிடைக்காதவர்களை மறைத்த பகுதியை அழித்தாள். அழிக்க நான்கு விநாடிகூட ஆகவில்லை. ஆறு மாசமாக இதற்கா பயந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

திரை ஒரு தடவை இமைத்தது. விட்டுப்போன பெயர்களில் முதல் பெயர் வந்தது. பெயர் வந்த பிறகுதான் மெர்சிக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. வேலை கிடைக்காதவர்களின் பெயருக்கு எதிரே ‘நாட் பிளேஸ்டு’ என்று சிவப்பில் வரும்படி எப்போதோ எழுதி வைத்திருந்தாள். அதை மாற்ற நேரமில்லை. அறிவிப்பாளர் இருபது வருஷமாகத் திரையில் வருவதைப் படிக்கிறவர். டீன் நன்றி சொல்லிக்கொண்டிருப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல், பழைய அதே கணீர்க் குரலில் படித்தார். “செல்வன் தமிழ்ச்செல்வன். நாட் பிளேஸ்டு.”

 பிறகு பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். கவுன் இல்லாமல், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடையைப் பார்த்து நடந்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். “செல்வி உஸ்மா. நாட் பிளேஸ்டு.” “செல்வன் சஹீர். நாட் பிளேஸ்டு.” நன்றியுரை எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. கோப்புகள் தீர்ந்துபோய், அடுத்த வருஷத்துக்கென்று வாங்கி வைத்திருந்த வெறும் கோப்புகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். 

தலைமை விருந்தாளி இருபது முப்பது பேருக்குக் கொடுத்த பிறகு பாலுசாமி பக்கம் சாய்ந்தார். மைக் திறந்திருந்தது.

“இந்த நாட் பிளேஸ்டுங்கறது எந்த ஊருக் கம்பெனிங்க? இத்தனை பேரை எடுத்திருக்கறாங்க.”

“வெளிநாட்டுக் கம்பெனிங்க” என்றார் பாலுசாமி.

பூவாத்தாள் இன்னும் மேஜையருகிலேயே நின்றிருந்தாள். கயல்விழியின் பெயர் வந்தது. அவள் மகள் மேடையேறுவதைப் பார்த்தாள். பிறகு மெர்சியிடம் குனிந்து, “அந்தச் செவப்பு எழுத்து என்னங்க அம்மணி?” என்று கேட்டாள்.

மெர்சி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இன்னும் வேலை கெடைக்கலைன்னு போட்டிருக்குதுங்க.”

“அதுதான் எங்க ஊட்டுல எல்லாத்துக்கும் தெரியுமுங்களே” என்றாள் பூவாத்தாள். “அதுக்கா பேரை ஒளிச்சு வெச்சீங்க?”

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடியது. டீன்தான் தலைவர். நடந்தது தொழில்நுட்பக் கோளாறு என்று பத்து நிமிஷத்தில் முடிவாயிற்று. மீதி இரண்டு மணி நேரம் கோப்புகளைப் பற்றிப் பேசினார்கள். நூற்று நாற்பத்திரண்டு வெறும் கோப்புகளும் கல்லூரிச் சொத்து. முறைப்படியான பட்டியலில் இல்லாதவர்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். விழாவுக்கு வராதவர்கள் பெயரிலும் கோப்பு போயிருப்பதாகவே குழு வைத்துக்கொண்டது. நூற்று நாற்பத்திரண்டு பேரின் பெயரும் துறையும் போன் நம்பரும் போட்டு, அறிவிப்பு வலைத்தளத்தின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும் என்று பாலுசாமி கையெழுத்துப் போட்டார்.

“அந்த நூத்தி நாப்பத்திரண்டு பேரை மட்டும் காட்டு. வேற ஒருத்தரும் வரப்படாது” என்றார் டீன்.

“அவங்க யாருன்னு மேல ஒரு தலைப்புப் போடோணுமுங்களே சார்.”

“என்ன இருக்குதோ அதைப் போடு.”

மெர்சி போட்டாள். ‘வேலைவாய்ப்பு பெறாதவர்கள்’ என்று தலைப்பு வைத்தாள். போன் நம்பர்களைப் போடவில்லை. அதற்குப் பதிலாகக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலக நம்பரைப் போட்டாள். அதற்கு மேல் வேலை இல்லை என்பதால் ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு டீன் அறைக்குப் போனாள். அவர் அதை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது மேஜையிலிருந்த போன் அடித்தது. அவர் கை காட்ட, மெர்சி எடுத்தாள்.

“ஏனுங்க, ஞானச்சிகரம் காலேஜுங்களா? நான் கணபதியில மோட்டார் பட்டறை வெச்சிருக்கறனுங்க, பீர் முகம்மதுன்னு பேரு. உங்க பக்கத்துல இன்னைக்கு ஒரு லிஸ்ட் பாத்தனுங்க. எலக்ட்ரிகல் படிச்சவங்க மட்டும் இருவத்தி ரெண்டு பேரு சும்மா இருக்கறாங்களா? நெசந்தானுங்களா?”

“நெசந்தானுங்க.”

“ஆறு மாசமா ஆளு தேடறமுங்க. உங்க காலேஜ்ல எல்லாத்துக்கும் வேலை கெடைச்சு ஒருத்தருமே மிச்சமில்லைன்னு போட்டிருக்குமுங்க. போன மாசமும் பாத்தேன், அப்படியேதான் இருந்துது. அதனால இந்தப் பக்கமே வரலீங்க. எனக்கு நாலு பேரு வேணுமுங்க. பக்கத்துப் பட்டறைக்காரரும் கேக்கறாரு.”

மெர்சி பெயர்களைச் சொன்னாள். கயல்விழியின் பெயரை முதலில் சொன்னாள். போனை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே டீனிடம் சொன்னாள். வேலை கொடுக்க ஆள் தேடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பெயர்கள் தெரியாமல் போயிருக்கின்றன என்பதையும் சொன்னாள்.

வெள்ளியங்கிரியின் முகம் மலர்ந்தது. “பாத்தியா? நல்ல சேதி. அப்ப அந்த நாலு பேரை மட்டும் வெச்சுக்க. மிச்சத்தை எடுத்திரு. நாலுக்கு நாலு.”

மெர்சி அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜையில், கடிதத்துக்கு மேல் வைத்தாள். கைகளை ஒரு தடவை துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கதவைத் திறக்கும்போது போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை எடுக்க வேறு ஆள் இல்லாததால் டீனே எடுத்தார்.

“வணக்கமுங்க, வேலைவாய்ப்பு அலுவலகம். ஆளா? ஆளு எங்கீங்க இருக்குது” என்றார், ஆறு மாசப் பழக்கத்தில், சிரித்துக்கொண்டே. “நம்ம காலேஜ்ல நூறு சதவீதமுங்க. ஒருத்தருகூட மிச்சமில்லீங்க.”

மறுமுனையில் சரிங்க என்று வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. டீன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு திருப்தியோடு கீழே வைத்தார்.